கோழிக்குஞ்சின் காலில் இருந்து தொடங்குங்கள்: மரபு இனங்களை வளர்ப்பதும் அடையாளம் காண்பதும்

கோழிக்குஞ்சு வீட்டுக்கு வந்த முதல் நாளில் எல்லோரும் கேட்பவை இரண்டு கேள்விகள். இது என்ன இனம்? சேவலா, பெட்டையா? இரண்டுக்கும் விடை தேடி முதலில் பார்ப்பது நிறத்தை. குஞ்சுப் பருவத்தில் ஆளை ஏமாற்றுவதில் நிறத்தை மிஞ்சியது வேறில்லை. வெள்ளை லெகார்ன் மஞ்சளாகப் பொரியும். கறுப்பு ஆஸ்ட்ரலார்ப் வயிறும் சிறகு நுனியும் வெளுத்துப் பொரியும். "கறுப்புக் கோழி என்று சொல்லிக் கொடுத்தார்கள், பாதி வெள்ளையாக இருக்கிறதே" என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. சில மாதம் பொறுத்தால், இறகு மாற மாற அந்த வெள்ளை தானே போய்விடும்.

எனவே நிறத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, காலில் தொடங்கித் தலைக்குப் போவோம். அதற்கு முன், மரபு இனம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடித்துக்கொள்ளலாம்.

லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி என்ற அமெரிக்க அமைப்பு மரபுக் கோழிக்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் தர ஏட்டில், அதாவது ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் நூலில், இடம்பெற்ற இனமாக இருக்க வேண்டும். சேவலும் பெட்டையும் இயற்கையாகச் சேர்ந்தே பெருக வேண்டும். வெளியில் திரிந்து நெடுநாள் பயன் தர வேண்டும். பெட்டை 5 முதல் 7 ஆண்டு, சேவல் 3 முதல் 5 ஆண்டு. கடைசி நிபந்தனை மெதுவான வளர்ச்சி: 16 வாரத்துக்கு முன்பாக இறைச்சி எடையை எட்டக் கூடாது. தர ஏடு முதன்முதலில் வெளிவந்தது 1874இல். இது ஒரு நாட்டின் வரையறைதான். ஆனாலும் அசில், கடக்நாத் போன்ற இந்திய இனங்களுக்கும் இதன் சாரம் பொருந்தும். பெற்றோரைப் போலவே பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்பதே அந்தச் சாரம். வணிகக் கலப்பினக் கோழி எவ்வளவு முட்டையிட்டாலும் அதன் குஞ்சுகள் அதைப் போல இருப்பதில்லை. மரபு இனத்தை வைத்திருப்பவர் தன் கூட்டத்தைத் தானே தொடர முடியும். அதற்குத்தான் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் வெப்பம்

பொரிவதற்குச் சற்று முன்பு குஞ்சு மஞ்சள் கருவின் எச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் முதல் இரண்டு நாள் தீவனமின்றியும் தாங்கும். ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைத் தொலைதூரம் அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் குளிரைத் தாங்காது. முதல் வாரம் குஞ்சு இருக்கும் மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரம் ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, உடல் முழுக்க இறகு மூடும் ஆறாவது வார வாக்கில் வெப்ப விளக்கை எடுத்துவிடலாம். வெயில் காலமாக இருந்தால் பகலில் விளக்கே தேவைப்படாது.

வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குஞ்சுகளை அதைவிட அதிகமாக நம்புங்கள். விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர்கிறது. சுவரோரம் ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம். எல்லாம் ஒரே பக்கம் கூடிக் கிடந்தால் எதிர்ப்பக்கத்தில் இருந்து காற்று அடிக்கிறது. இடம் முழுக்கப் பரவி, தின்பதும் தூங்குவதுமாக இருந்தால் எல்லாம் சரி. வெப்ப விளக்கை ஒரே ஒரு கயிற்றில் தொங்கவிடாதீர்கள். அது அறுந்து கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும். சங்கிலியால் ஒரு கட்டும் கம்பியால் இன்னொரு கட்டும் இருக்க வேண்டும்.

தரையில் வெறும் செய்தித்தாளை விரிப்பது பலர் செய்யும் வேலை. வழுக்கும் தரையில் நிற்கப் பழகும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் அகன்றுவிடும். பிறகு நிமிர்வது கடினம். சொரசொரப்பான துணியோ மரச்சீவலோ போதும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டு வைத்தால் குஞ்சு மூழ்காது.

ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து அலகைத் தண்ணீரில் ஒருமுறை நனைத்து விடுவது வழக்கம். அது குடிக்கக் கற்றுக்கொள்ளும். அப்படி எடுக்கும்போதே பின்புறத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து ஆசனவாயை அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடையுங்கள். பிடுங்கினால் தோலோடு வரும். அடுத்து, குஞ்சைத் திருப்பிப் பாதத்தைப் பாருங்கள். அடையாள வேலை அங்கே தொடங்குகிறது.

காலில் எழுதியிருப்பது

விரல்களை எண்ணுங்கள். பெரும்பாலான கோழிகளுக்கு ஒரு காலில் நான்கு விரல். டார்க்கிங், ஃபேவரோல், ஹூடான், சில்கி ஆகியவற்றுக்கு ஐந்து. ஐந்தாவது விரல் பின் விரலுக்குச் சற்று மேலே, மேல்நோக்கி வளைந்து நிற்கும். பொரித்த அன்றே தெரியும், வயதாகி மாறாது, நிறத்தைச் சார்ந்ததும் அல்ல. இப்படிப்பட்ட அடையாளங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்தது கணுக்கால். பிரம்மா, கொச்சின், லாங்ஷான், சில்கி போன்ற இனங்களின் குஞ்சுகளுக்குக் கால் வெளிப்புறத்தில் பஞ்சுமுடி இறங்கியிருக்கும். பிறகு அதுவே கால் இறகாகும். பிரம்மாவுக்கும் கொச்சினுக்கும் நடுவிரல் வரையிலும் முடி இருக்கும். லாங்ஷானுக்கு அவ்வளவு அடர்த்தி இருக்காது.

பாதத்தின் அடிப்பகுதி நிறம் பலர் கவனிக்காத ஒன்று. கறுப்பு ஆஸ்ட்ரலார்ப் குஞ்சும் கறுப்பு ஜெர்சி ஜயன்ட் குஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பிரித்துச் சொல்வது எளிதல்ல. இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் வயிறு வெளுப்பு. வளர வளரப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஜெர்சி ஜயன்டுக்கு அடிப்பாதம் மஞ்சள், ஆஸ்ட்ரலார்ப்புக்கு இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை. தோல் நிறத்தின் வேறுபாடு அங்கேதான் வெளிப்படும். ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக், வயண்டாட் எல்லாம் மஞ்சள் தோல் கொண்டவை. சஸெக்ஸ், ஆர்ப்பிங்டன், டார்க்கிங் வெள்ளைத் தோல் கொண்டவை. இந்த மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியில் இருந்து வரவில்லை. இந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியில் இருந்து கலந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

ஒன்றை மறக்க வேண்டாம். ஐந்தாவது விரலும் கால் இறகும் கலப்புக் குஞ்சுகளிலும் தலைகாட்டும் பண்புகள். ஐந்து விரல் இருந்தால் குஞ்சின் முன்னோரில் அப்படி ஓர் இனம் இருக்கிறது என்று மட்டும் தெரியும்; அது தூய டார்க்கிங் என்று ஆகிவிடாது. நான்கே விரல் இருந்தால் அதை டார்க்கிங் என்று விற்பவரை நம்ப வேண்டியதில்லை. அடையாளம் காண்பதில் இருப்பதைவிட இல்லாதது உறுதியான சாட்சி.

தலை சொல்வது

பொரித்த குஞ்சின் அலகுக்கு மேலே உற்றுப் பார்த்தால் கொண்டையின் கோடு தெரியும். நடுவில் மெல்லிய ஒரே வரம்பாக, பற்களோடு இருந்தால் ஒற்றைக் கொண்டை. தட்டையாக, அகலமாக, மேலே சிறு முகடுகளுடன் இருந்தால் ரோஜாக் கொண்டை. தாழ்வான மூன்று வரிசைகள் நீளவாக்கில் ஓடினால் பட்டாணிக் கொண்டை. பிரம்மாவுக்கும் அசிலுக்கும் பட்டாணிக் கொண்டை. வயண்டாட்டுக்கும் டொமினிக்குக்கும் ரோஜா. டொமினிக்கும் வரி பிளிமத் ராக்கும் பார்வைக்கு ஒன்றுபோல் சாம்பல் வரியுடன் இருப்பவை. பெயர் மாறிப்போவது அவ்விரண்டுக்கும் சகஜம். கொண்டையைப் பார்த்தால் போதும். பிளிமத் ராக்குக்கு ஒற்றைக் கொண்டை.

ரோஜாக் கொண்டைக் கோழியும் பட்டாணிக் கொண்டைக் கோழியும் சேர்ந்தால் பிறப்பது இரண்டும் அல்லாத மூன்றாவது: மேடு பள்ளமாகச் சுருங்கிய வால்நட் கொண்டை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியலாளர்கள் வில்லியம் பேட்சனும் ரெஜினால்ட் பன்னெட்டும் இதை ஆராய்ந்துதான் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரு பண்பை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். வீட்டுக் கொல்லைக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. வயண்டாட்டும் பிரம்மாவும் ஒன்றாகத் திரியும் இடத்தில் வால்நட் கொண்டையோடு ஒரு குஞ்சு வந்தால், யார் யாரோடு சேர்ந்தது என்பதில் ஐயமே வேண்டாம்.

வயண்டாட் வைத்திருப்பவர்களைக் குழப்பும் இன்னொன்று, தூய கூட்டத்திலேயே அவ்வப்போது ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பொரிவது. கலப்படம் நடந்துவிட்டது என்று பதற வேண்டாம். ரோஜாக் கொண்டை மரபணு இரண்டு பிரதி கொண்ட சேவலுக்குக் கருத்தரிக்கும் திறன் குறைவு. அதனால் ஒரு பிரதி ரோஜா, ஒரு பிரதி ஒற்றை என்று வைத்திருக்கும் சேவலே அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையாகிறது. எத்தனை தலைமுறை விலக்கினாலும் ஒற்றைக் கொண்டை திரும்பி வருவதற்கு அதுதான் காரணம்.

கன்னம் உப்பியிருந்தால் ஃபேவரோலோ அமெரௌகானாவோ இருக்கலாம். அந்த உப்பல் பிறகு தாடியாகும். மண்டை மேல் முண்டு ஒன்று தெரிந்து அதன்மேல் முடி குவிந்திருந்தால் போலிஷ் அல்லது ஹூடான்.

நிறத்துக்கு இப்போது வரலாம்

ரோட் ஐலண்ட் ரெட் செம்பழுப்பாகவும் பஃப் ஆர்ப்பிங்டன் வெளிர் பொன்னிறமாகவும் பொரியும். நியூ ஹாம்ப்ஷைர் இந்த இரண்டுக்கும் நடுவே. வெல்சம்மர் முதுகில் அணில் கோடு போட்டுப் பொரியும். கடக்நாத் குஞ்சு நீலம் கலந்த கறுப்பாக, முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகளுடன் இருக்கும்.

நீல நிறக் கோழி வைத்திருப்பவருக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் பாதிக் குஞ்சுகளே நீலமாக இருக்கும். கால்பங்கு கறுப்பு, கால்பங்கு வெளிர்நிறத்தில் திட்டுத் திட்டாக. ஆண்டலூசியன் என்ற நீல இனத்தில் காலம்காலமாக இப்படித்தான். கறுப்புக் குஞ்சைக் கலப்படம் என்று ஒதுக்க வேண்டாம்.

சேவலா, பெட்டையா

கோழிகளில் பாலினக் கணக்கு மனிதருக்குத் தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. இறகில் வரி போடும் மரபணு இசட்டில் இருக்கிறது. ஆகவே வரி பிளிமத் ராக் சேவலுக்கு அந்த மரபணு இரண்டு பிரதி, பெட்டைக்கு ஒன்றே ஒன்று. வரி என்பது கறுப்பு நிறமியை விட்டுவிட்டு நிறுத்துவதால் வருவது. இரண்டு பிரதி இருந்தால் கறுப்பு இன்னும் குறையும்.

இதைக் குஞ்சிலேயே பார்க்கலாம். வரி பிளிமத் ராக் குஞ்சு உடலெல்லாம் கறுப்பாக, உச்சந்தலையில் வெளிர் புள்ளி ஒன்றுடன் பொரியும். பெட்டைக் குஞ்சுக்கு அந்தப் புள்ளி சிறியது, ஓரம் தெளிவாக வெட்டியது போல் இருக்கும். கால் முன்புறம் கருமை ஓடியிருக்கும். சேவல் குஞ்சுக்குப் புள்ளி பெரிதாக, ஓரம் கலைந்து பின்தலை வரை சிதறியிருக்கும்; உடல் கறுப்பு சற்று மங்கல்; கால் மஞ்சள் கூடுதல். ஒரு குஞ்சை மட்டும் தனியாக எடுத்து முடிவு சொல்லாதீர்கள். ஒரே நாளில் பொரித்த பத்துக் குஞ்சுகளை நல்ல பகல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். இரு முனைகளில் உள்ளவை தாமாகப் பிரிந்து நிற்கும். நடுவில் இரண்டொன்று மிச்சமாகும். அவற்றை விட்டுவிடுங்கள், வளர்ந்ததும் தெரியும்.

இதே தத்துவத்தை வைத்துத்தான் பன்னெட் கேம்பிரிட்ஜில் பொரித்த அன்றே பாலினம் தெரியும் இனங்களை உருவாக்கினார். கிரீம் லெக்பார் அவற்றில் புகழ்பெற்றது. பெட்டைக்கு முதுகுக் கோடு தெளிவு, சேவலுக்குக் கோடு கலைந்து தலையில் வெளிர் புள்ளி. மரபியல் பாடத்தில் வரும் பன்னெட் கட்டம் இந்தப் பன்னெட் போட்டதுதான்.

சிவப்புச் சேவலை வரிப் பெட்டையோடு சேர்த்தால் இன்னும் எளிது. தாய் தன் ஒரே வரி மரபணுவை மகனுக்கு மட்டுமே தர முடியும், மகளுக்கு அவள் தருவது டபிள்யூ. ஆகவே தலைப் புள்ளி இருப்பது சேவல், இல்லாதது பெட்டை. மாற்றிச் சேர்த்தால், அதாவது வரிச் சேவலும் சிவப்புப் பெட்டையும் என்றால், எல்லாக் குஞ்சுக்கும் புள்ளி வரும், எதுவும் தெரியாது. இந்தக் கலப்புக் குஞ்சுகள் நல்ல முட்டைக் கோழிகளாகும். ஆனால் அடுத்த தலைமுறையில் இந்தக் கணக்கு வேலை செய்யாது. மரபு இனத்தைக் காக்க நினைப்பவர் அவற்றைத் தனியே வைப்பது நல்லது.

ஃபேவரோலில் சில வாரம் காத்திருந்தால் சேவலின் சிறகில் கறுப்பு இறகும் பெட்டையின் சிறகில் செம்பழுப்பு இறகும் முளைத்துவிடும். வெல்சம்மரில் முதுகுக் கோடும் கண்ணோரக் கருங்கோடும் அழுத்தமாக இருப்பது பெட்டை.

சிறகு இறகின் நீளத்தைப் பார்த்துச் சொல்வது எல்லாக் கோழிக்கும் பொருந்தும் என்று பலர் நம்புகிறார்கள். பொருந்தாது. விரைவாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் திட்டமிட்டுச் சேர்த்த குஞ்சுகளில், முதல் சில நாள்களில் மட்டுமே அது செல்லும். ஆசனவாயைத் திறந்து பார்ப்பது 1920களில் ஜப்பானில் வளர்ந்த கலை. பயிற்சி இல்லாதவர் செய்தால் குஞ்சுக்குக் காயம்தான் மிஞ்சும். முட்டையின் வடிவம், நூலில் ஊசியைத் தொங்கவிட்டுப் பார்ப்பது, கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கால் மடக்குவதைப் பார்ப்பது ஆகியவற்றுக்கு நாணயம் சுண்டிப் போடுவதைவிட மதிப்பு அதிகம் இல்லை.

மற்ற இனங்களுக்கு ஒரே வழி காத்திருப்பது. ஒற்றைக் கொண்டை இனங்களில் ஐந்து, ஆறு வாரத்தில் சேவலின் கொண்டை பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். பட்டாணிக் கொண்டையில் இன்னும் தாமதம். மூன்று மாத வாக்கில் முதுகின் பின்புறம், வாலுக்கு முன்னால் உள்ள இறகைப் பாருங்கள்: நீண்டு கூர்மையாக, பளபளப்பாக இருந்தால் சேவல், நுனி உருண்டிருந்தால் பெட்டை. செப்ரைட் ஒரு விதிவிலக்கு. அதன் சேவலுக்கும் பெட்டை போன்ற இறகுதான்.

மெதுவாக வளர்பவைக்குத் தீவனம்

இறைச்சிக் கலப்பினம் ஆறேழு வாரத்தில் இறைச்சி எடையை எட்டிவிடும். மரபு இனக் குஞ்சு அந்த வயதில் நீண்ட காலும் மெலிந்த உடலுமாக நிற்கும். நோய் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டையும் ஒரே கூட்டில் வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரியது தட்டை அடைத்துக்கொள்ளும், சிறியது ஒதுங்கிப் போகும்.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் 18 முதல் 20 சதவீதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம், பிறகு வளர் தீவனம். முட்டைக் கோழித் தீவனத்தை முதல் முட்டை நெருங்கும்வரை கொடுக்கக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடாத பறவையின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். பெரிய கோழிகளோடு குஞ்சுகள் கலந்திருக்கும் கூட்டத்தில், எல்லோருக்கும் வளர் தீவனத்தைக் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள். முட்டையிடும் பெட்டை தேவையானதை எடுத்துக்கொள்ளும்.

மூன்று முதல் ஆறு வாரத்தில் குஞ்சுகளை அதிகம் கொல்வது இரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடலைத் தாக்கும். ஈரக் கூளத்தில்தான் அது பெருகும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு குனிந்து நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள நனைந்த கூளத்தை நாள்தோறும் அள்ளிப் போடுவது இதைத் தடுப்பதில் பாதி வேலை. மாரெக் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி பொரித்த முதல் நாளிலேயே போடப்பட வேண்டியது. குஞ்சு வாங்கும்போது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைக்கோழி கிடைத்தால் விளக்கு, வெப்பமானி என்ற கவலை பெரிதும் தீர்ந்தது. கொச்சின், சில்கி, ஆர்ப்பிங்டன் நன்றாக அடை படுக்கும், லெகார்ன் அபூர்வமாகத்தான். வெளியில் இருந்து வந்த குஞ்சுகளை இருட்டிய பிறகு அதன் வயிற்றடியில் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

குறித்து வையுங்கள்

மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் ஊகத்துக்குத் துணை. தாய் தந்தை தெரிந்த குஞ்சுக்கு ஊகமே தேவையில்லை. நிற வளையம் மாட்டினால் வாரம் ஒருமுறை சரிபார்த்துப் பெரிதாக்குங்கள்; குஞ்சின் கால் வளரும், வளையம் வளராது, இறுகிச் சதையில் பதிந்துவிடும். பழைய வளர்ப்பாளர்கள் ஒரு நாள் குஞ்சின் விரல் இடைச் சவ்வில் சிறு துளை போடுவார்கள். காலுக்கு இரண்டு சவ்வு, ஆக நான்கு; துளை உண்டு, இல்லை என்று மாற்றி மாற்றி 16 விதமாகக் குறிக்கலாம். வளையம் தொலைந்துபோகும், இது போகாது.

சேவலை மாற்றும்போது பெட்டையின் உடலைக் கணக்கில் எடுக்க வேண்டும். முந்தைய சேவலின் விந்து அதன் முட்டைக் குழாயில் இரண்டு வாரம், சில வேளைகளில் மூன்று வாரம்கூட உயிரோடு தங்கியிருக்கும். பல இனங்கள் ஒன்றாகத் திரியும் கூட்டத்தில் இருந்து ஒரு சோடியைப் பிரித்து வைத்து மறுநாளே முட்டை சேர்க்கத் தொடங்கினால், பிறப்பது யாருடைய குஞ்சு என்று சொல்ல முடியாது. நான்கு வாரம் கழித்து எடுத்த முட்டைகளை மட்டும் அடைக்கு வையுங்கள். அதற்கு முன் வந்தவை சமையலுக்கு.